பெறுமானம் இடப்படாத மாறிகள்: சாதனச் செலுத்திகளில் தொகுப்பான் எச்சரிக்கைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தோற்றுவாய்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் மனிதன் ஆக்கிய கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அக்கருவிகளை ஆக்கும்போது அவன் விட்ட தவறுகளுக்கும், அத்தவறுகளைக் கண்டறிய வகுத்த வழிகளுக்கும் வரலாறு உண்டு. கலைப்பீட மாணவன் ஒருவன் கணினியின் உட்கருவைச் சார்ந்த பொருளொன்றை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பைத் தரலாம். எனினும் இங்கு ஆராயப்படும் வினா கணினிக்கு மட்டும் உரியதன்று. அறியாத ஒன்றை அறிந்ததுபோலக் கொண்டு மேலே செல்வதால் விளையும் கேடு யாது? அக்கேட்டைச் சுட்டிக்காட்டும் குரலை எவ்வாறு எதிர்கொள்ளல் வேண்டும்? இவ்விரு வினாக்களும் சான்றுகளைக் கொண்டு கடந்த காலத்தை எழுத முனையும் எவருக்கும் உரியவை.

சாதனச் செலுத்தி எனப்படும் செய்நிரல்களிலே, பெறுமானம் இடப்படாத மாறிகளைப் பற்றித் தொகுப்பான் விடுக்கும் எச்சரிக்கைகள் எவ்வாறு தோன்றின, அவற்றைச் செய்நிரலாளர் எவ்வாறு கையாண்டனர், அக்கையாளுகை எத்தகைய பாடங்களைத் தந்தது என்பவற்றை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாறியும் அதன் வெறுமையும்

செய்நிரலொன்றில் மாறி என்பது நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட ஓர் இடத்திற்கு இட்ட பெயராகும். அவ்விடத்தில் ஒரு பெறுமானத்தை இடுவதும், பின்னர் அதனை எடுத்துப் பயன்படுத்துவதும் செய்நிரலின் அன்றாட வேலை. இடுவதற்கு முன்னரே எடுத்தால் என்ன நிகழும்? அவ்விடம் வெறுமையாக இருக்கும் என எண்ணுவது தவறு. கணினியின் நினைவகத்தில் வெறுமை என்பது இல்லை. முன்னர் அவ்விடத்தைப் பயன்படுத்திய வேறொரு செயற்கூறு விட்டுச்சென்ற எச்சம் அங்கே கிடக்கும். அது ஒரு முகவரியின் துண்டாக இருக்கலாம். கடவுச்சொல் ஒன்றின் பகுதியாக இருக்கலாம். தற்செயலாகப் பூச்சியமாகவும் இருக்கலாம். இறுதியிற் கூறியதே மிகவும் ஆபத்தானது. ஏனெனில், பரிசோதனையின்போது பூச்சியமாக இருந்து நல்ல விடையைத் தந்த அதே இடம் பிறிதொரு நாளில், பிறிதோர் இயந்திரத்தில் வேறொன்றாக இருந்து எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

இந்நிலைக்கு அடித்தளமிட்டது 'சீ' மொழியாகும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டெனிஸ் றிச்சி 1970களின் தொடக்கத்தில் இம்மொழியை உருவாக்கினார். கென் தொம்சனும் அவரும் 1973 இல் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவை இம்மொழியிலேயே மீள எழுதினர். அவர்கள் பயன்படுத்திய பீ.டி.பீ. 11 இயந்திரத்தின் நினைவகம் மிகச் சிறியது, வேகமும் குறைவு. இத்தகைய சூழலில், நிரந்தர மாறிகளுக்கு மட்டும் தொடக்கத்திற் பூச்சியம் இடப்பட்டது. செயற்கூறு அழைக்கப்படும்போது அடுக்கில் தோன்றி, அது முடியும்போது மறையும் தற்காலிக மாறிகளுக்கு எதுவும் இடப்படவில்லை. எவ்வாறாயினும் செய்நிரலாளர் ஒரு பெறுமானத்தை இடத்தான் போகிறார்; அதற்கு முன் இயந்திரம் ஒருமுறை இடுவது வீண் வேலையல்லவா என்பதே அதன் நியாயம். 1989 இல் வெளிவந்த அமெரிக்க நியமமும் அத்தகைய மாறியின் பெறுமானம் நிர்ணயிக்கப்படாதது என்றே வகுத்தது. சிக்கனத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட இத்தெரிவின் விலையைப் பிற்காலத்தவர் செலுத்த நேர்ந்தது.

பஞ்சு பொறுக்கும் கருவி

மொழியின் விதிகளைச் செய்நிரலாளர் பொருட்படுத்தாது எழுதுவதைக் கண்ட பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜோன்சன், தாம் எழுதிய தொகுப்பானைத் தழுவி 'லின்ற்' என்னும் சோதனைக் கருவியை 1970களின் பிற்பகுதியில் ஆக்கினார். ஆடையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் இக்கருவி ஆய்வுகூடத்திற்கு வெளியேயும் பரவியது. விரைவாக மொழிமாற்றுவது தொகுப்பானின் கடமை; ஐயுறுவது லின்ற்றின் கடமை என வேலை பகிரப்பட்டது.

முதற் பெறுமானம் இடப்படுமுன் பயன்படுத்தப்படும் மாறிகளைச் சுட்டுவது லின்ற்றின் பணிகளுள் ஒன்று. அது கையாண்ட முறை எளிமையானது. எழுதப்பட்ட வரிகளின் ஒழுங்கில், ஒரு மாறியின் முதற் பயன்பாடு அதன் முதல் இடுகைக்கு முன்னதாகத் தோன்றினால் அது முறைப்பாடு செய்யும். செய்நிரல் உண்மையில் எந்த ஒழுங்கில் இயங்கும் என்பதை அது ஆராய்வதில்லை. ஆதலின் சரியான செய்நிரலைக் குற்றஞ்சாட்டுவதும், பிழையானதைத் தப்பவிடுவதும் அதன் இயல்பாயின. பொய் எச்சரிக்கை என்னும் சிக்கல் இக்கருவிகளோடு உடன்பிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

தரவோட்டப் பகுப்பாய்வு

இயங்கும் ஒழுங்கை ஆராயும் முறை வேறோர் இடத்தில் வளர்ந்தது. ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் அலன் 1970 இல் வெளியிட்ட ஆய்வில், செய்நிரலைக் கிளைகளும் சந்திகளும் கொண்ட ஒரு வரைபாகக் காணும் முறையை விளக்கினார். (2006 ஆம் ஆண்டுக்குரிய ரியூறிங் விருதை இவர் பெற்றார், அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி இவரே.) 1973 இல் கரி கில்டோல் என்பார், அவ்வரைபின் வழியே தரவுகள் எவ்வாறு பாய்கின்றன என்பதைக் கணிப்பதற்கு ஒரு பொதுக் கணித முறையைத் தந்தார். இதே கில்டோல்தான் பின்னர் சீ.பீ.எம். என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கி, வன்பொருளைச் சார்ந்த பகுதியை ஏனைய பகுதியினின்றும் பிரித்து 'பயோஸ்' எனப் பெயரிட்டவர். எச்சரிக்கைக்கு வேண்டிய கணிதமும், சாதனங்களோடு பேசும் பகுதியைத் தனிப்படுத்தும் எண்ணமும் ஒருவர் கையிலேயே சந்தித்தமை மனங்கொள்ளத்தக்கது.

இம்முறையின்படி, ஒரு மாறி பயன்படுத்தப்படும் இடத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, அவ்விடத்தை அடையும் எல்லாப் பாதைகளிலும் பெறுமானம் இடப்பட்டுள்ளதா எனத் தொகுப்பான் நோக்குகின்றது. எந்தப் பாதையிலும் இடப்படவில்லையெனில் பிழை உறுதி. சில பாதைகளில் இடப்பட்டும் சிலவற்றில் இடப்படாதும் இருப்பின் ஐயம். ஐயத்திற்குரிய பாதை வழியே செய்நிரல் எக்காலத்தும் செல்லாது என்பதைச் செய்நிரலாளர் அறிந்திருக்கலாம், தொகுப்பான் அறியாது. செய்நிரலின் நடத்தை பற்றிய வினாக்கள் அனைத்துக்கும் விடைதரும் பொதுவான வழி இருக்க முடியாதென்பதை ரைஸ் என்னும் கணித அறிஞர் 1953 இலேயே நிறுவியிருந்தார். ஆகவே இவ்வையம் திறமைக் குறைவினால் வந்ததன்று; பொருளின் இயல்பிலேயே உள்ளது.

றிச்சாட் ஸ்ரோல்மன் 1987 இல் வெளியிட்ட ஜீ.சீ.சீ. தொகுப்பானில் இவ்வெச்சரிக்கை தொகுப்பானுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. ஆனால் செய்நிரலை விரைவுபடுத்தும் பொருட்டுச் செய்யப்படும் பகுப்பாய்வின் உபவிளைவாகவே அது நெடுங்காலம் கிடைத்தது. அதனால் விரைவுபடுத்தும் அளவை மாற்றினால் எச்சரிக்கைகளும் மாறின. தொகுப்பானின் பதிப்பு மாறினாலும் மாறின. 2012 இல் வெளிவந்த 4.7 ஆம் பதிப்பிலேயே உறுதியான பிழைக்கு ஓர் எச்சரிக்கையும், 'இருக்கலாம்' என்னும் ஐயத்திற்கு வேறோர் எச்சரிக்கையும் எனப் பிரிக்கப்பட்டன.

செலுத்திகளின் தனித்தன்மை

இவ்வெச்சரிக்கைகள் சாதனச் செலுத்திகளில் ஏன் தனி முக்கியத்துவம் பெறுகின்றன? செலுத்தி என்பது பணிசெயல் முறைமைக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று பேசும் துபாசி எனலாம். வலையமைப்பு அட்டை, அச்சுப்பொறி, வெப்பமானி, ஒளிப்படக் கருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு செலுத்தி வேண்டும். அது முறைமையின் கருவினுள்ளே இயங்குவது. ஆதலால் அதன் தவறு தன்னோடு நில்லாது முழு முறைமையையும் வீழ்த்தவல்லது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோசன் எங்லரும் அவர்தம் குழுவினரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வு, லினக்ஸ் கருவின் ஏனைய பகுதிகளிலும் பார்க்கச் செலுத்திகளின் வழு வீதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை உயர்ந்திருக்கக் கண்டது.

இதற்குக் காரணங்கள் உள. முதலாவது, வன்பொருள் தோல்வியடையக்கூடியது. இணைப்பு அறுந்துவிடும்; சாதனம் விடையளிக்காது. இத்தோல்விப் பாதைகள் பரிசோதனையில் அரிதாகவே மிதிக்கப்படுகின்றன. இரண்டாவது, ஒரே செலுத்தி பல மாதிரிகளைத் தாங்கவேண்டியிருப்பதால் கிளைகள் பெருகுகின்றன. மூன்றாவது, அச்சாதனம் செலுத்தியைத் திருத்துபவரின் கையில் இல்லாமலிருப்பது வழமை. எனவே தொகுப்பானின் எச்சரிக்கையே பல வேளைகளில் அவருக்குக் கிடைக்கும் ஒரேயொரு சாட்சி.

எடுத்துக்காட்டாக, இரு மாதிரி வெப்பமானிகளுக்குரிய செலுத்தியொன்றைக் கற்பனை செய்வோம். முதலாம் மாதிரியாயின் ஒரு பதிவகத்தை வாசித்து, அவ்வாசிப்பின் பேறு வெற்றியா தோல்வியா என்பதை ஒரு மாறியில் இடுகின்றது. இரண்டாம் மாதிரியாயின் வேறொரு பதிவகத்தை வாசித்து அவ்வாறே இடுகின்றது. இரண்டும் அல்லாத மாதிரியெனில் எதுவும் இடப்படவில்லை. இறுதியில் அம்மாறி விடையாகத் திருப்பி அனுப்பப்படுகின்றது. தொகுப்பான் எச்சரிக்கின்றது. மிக எளிதான திருத்தம் மாறி பிரகடனப்படுத்தப்படும் வரியிலேயே பூச்சியத்தை இட்டுவிடுவது. எச்சரிக்கை மறைந்துவிடும். ஆனால் லினக்ஸ் கருவின் மரபில், இத்தகைய விடைகளிற் பூச்சியம் என்பது வெற்றியைக் குறிக்கும். மறைப் பெறுமானமே தோல்வியைக் குறிக்கும். ஆகவே அறியாத மாதிரியைக் கண்ட செலுத்தி, எதையும் வாசிக்காமலே 'வாசித்தேன், வெற்றி' எனச் சான்றுரைக்கும். எச்சத்தை அனுப்பிய பழைய பிழை எப்போதாவது வெளிப்பட்டிருக்கும். திருத்தப்பட்ட பிழையோ என்றும் வெளிப்படாது. மேலும், பின்வரும் நாளில் வேறொருவர் புதிய கிளையொன்றைச் சேர்த்து அதில் இடுகையை மறந்தால், தொகுப்பான் அப்போதும் மௌனமாகவே இருக்கும். சரியான திருத்தம் யாதெனில், அறியாத மாதிரிக்கென ஒரு கிளையை வகுத்து, அங்கே தோல்விக்குரிய குறியை வெளிப்படையாக இடுவதே.

எச்சரிக்கையை அடக்கிய காலம்

எச்சரிக்கைகள் பெருகியபோது லினக்ஸ் கருவினர் ஒரு குறுக்கு வழியைக் கண்டனர். ஒரு மாறிக்கு அம்மாறியையே இட்டால் ஜீ.சீ.சீ. அதனை எச்சரிப்பதில்லை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, 2007 இல், எச்சரிக்கையை அடக்கும் சிறு மாக்கிரோ ஒன்று கருவிற் சேர்க்கப்பட்டது. பெறுமானம் இடப்படாத மாறி என்று பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. 'இதனை நான் ஆராய்ந்துவிட்டேன். இது பொய் எச்சரிக்கை' எனச் செய்நிரலாளர் கையொப்பமிடுவதை அது ஒக்கும்.

கையொப்பம் இட்ட நாளில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆயின் செய்நிரல் நிலையாக நிற்பதன்று. சூழவுள்ள வரிகள் மாறின, பாதைகள் மாறின, கையொப்பம் மட்டும் மாறாது நின்றது. ஒருகாலத்துப் பொய் எச்சரிக்கை பிறிதொரு காலத்தில் உண்மையாகியபோது அதனைச் சொல்ல எவரும் இல்லை. மேலும், கிளாங் தொகுப்பான் அவ்வுபாயத்தை ஏற்காமையால், அதற்கென வேறொரு வரைவிலக்கணம் எழுத நேர்ந்தது. ஈற்றில், 2020 இல் கீஸ் குக் என்பாரின் முயற்சியால் அம்மாக்கிரோ கருவெங்கணும் களையப்பட்டது. உண்மையான வழுக்களை அது மூடிமறைக்கின்றது என்பதே அதற்குக் கூறப்பட்ட முதற் காரணம்.

ஆனால் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். ஐயத்தைச் சுட்டும் எச்சரிக்கை, லினக்ஸ் கருவில் 2016 இல் பொதுவாக நிறுத்தப்பட்டது. ஆர்ன்ட் பேர்க்மன் பல இடங்களைத் திருத்தியதன் பின்னர் அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே மீள இயக்கப்பட்டது. 2020 மே மாதத்தில், ஜீ.சீ.சீ. பத்தாம் பதிப்பு வெளிவந்ததையொட்டி, லினஸ் தோர்வால்ட்ஸ் அதனை மறுபடியும் நிறுத்தி, விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் மேலதிகச் சோதனைகளுள் ஒன்றாக்கினார். ஓயாது பொய் சொல்லும் காவலாளியின் உண்மைக் கூச்சலுக்கும் எவரும் எழார். அதனிலும் தீயது, பொய் எச்சரிக்கையை அடக்குவதற்கென்றே சரியான செய்நிரலைக் குலைக்க நேர்வது. மாக்கிரோவை நீக்கிய ஆண்டிலேயே எச்சரிக்கையையும் நிறுத்தியமை முரண்பாடுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே சிந்தனையின் இரு கூறுகள்: கேள்வி கேட்பவரும் நம்பத்தக்கவராக இருத்தல் வேண்டும், விடையளிப்பவரும் உண்மையே கூறல் வேண்டும்.

விளங்காத திருத்தத்தின் விலை

விளங்கிக்கொள்ளாது எச்சரிக்கையை அடக்குவதன் விலையை உலகறியக் காட்டிய நிகழ்ச்சி செலுத்தியொன்றில் நிகழவில்லை. மறைகுறியாக்கச் செய்நிரலிலேயே நிகழ்ந்தது. எச்சரித்ததும் தொகுப்பானன்று, இயங்கும்போது நினைவகத்தைக் கண்காணிக்கும் கருவியாகும். எனினும் பாடம் ஒன்றே. டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகத்தில், ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் தொகுதி பெறுமானம் இடப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துகின்றது என்னும் எச்சரிக்கையைப் போக்குவதற்காக 2006 இல் ஒத்த தோற்றமுடைய இரு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் கேடில்லை. மற்றையதோ, எழுமாற்று எண்களை ஆக்குவதற்கு வேண்டிய மூலத்தைச் சேர்க்கும் வரி. அதன் பின்னர் எழுமாற்றுத் தன்மைக்கு எஞ்சியிருந்தது செய்முறையின் அடையாள எண் மட்டுமே. அது கொள்ளக்கூடிய பெறுமானங்களோ ஏறத்தாழ 32,768. எவராலும் ஊகிக்க முடியாதன எனக் கருதப்பட்ட திறவுகோல்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. 2008 மே 13 அன்று இது பகிரங்கப்படுத்தப்படும் வரை, ஏறத்தாழ இரு ஆண்டுகள் இக்குறை வெளித்தெரியாது கிடந்தது. எச்சரிக்கை போயிற்று, அதனோடு பாதுகாப்பும் போயிற்று.

இன்றைய வழிகள்

அண்மைக் காலத்தில் மூவகை வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, எல்லாத் தற்காலிக மாறிகளையும் தொகுப்பானே நிரப்பிவிடுதல். கிளாங் தொகுப்பானில் 2019 இலும், ஜீ.சீ.சீ. இல் 2022 இலும் இவ்வசதி வெளிவந்தது. றிச்சியின் காலத்தில் கட்டுப்படியாகாத செலவு இன்று பெரும்பாலும் பொறுக்கத்தக்கதாயிற்று. எச்சங்கள் வழியே இரகசியங்கள் கசிவதை இது தடுக்கும். ஆனால், மேலே கண்ட வெப்பமானியின் பொய்ச் சான்றை இது தடுக்காது. ஆபத்து குறையும்; தவறு தவறாகவே இருக்கும்.

இரண்டாவது, இயங்கும்போது கண்காணித்தல். 2022 இல் லினக்ஸ் 6.1 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட 'கேம்சான்' என்னும் கருவி, ஒவ்வொரு நினைவக அலகும் இடப்பட்டதா இல்லையா என்பதைக் கணக்கு வைக்கின்றது. தொகுப்பானின் பார்வைக்குத் தப்பும் வகையொன்றை இது பிடிக்கின்றது. செலுத்தி ஒரு மாறியின் முகவரியை வாசிப்புச் செயற்கூறுக்குக் கொடுக்கின்றது, செயற்கூறு அதனை நிரப்பும் எனத் தொகுப்பான் நம்பி மௌனமாகின்றது, சாதனமோ விடையளிக்கவில்லை, பேறு சரியா எனச் செலுத்தி சோதிக்கவுமில்லை. யூ.எஸ்.பி. வலையமைப்புச் செலுத்திகளில் இத்தகைய வழுக்கள் பல இவ்வாறே வெளிப்பட்டன.

மூன்றாவது, மொழியையே மாற்றுதல். 1995 இல் வெளிவந்த ஜாவா மொழியில், எல்லாப் பாதைகளிலும் இடப்படாத உள்ளக மாறியைப் பயன்படுத்துவது எச்சரிக்கைக்குரிய ஐயமன்று. தொகுப்பான் ஏற்க மறுக்கும் பிழை. றஸ்ற் மொழியின் நிலைப்பாடும் அதுவே. அம்மொழிக்கான தொடக்க ஆதரவு லினக்ஸ் கருவில் மேற்கூறிய 6.1 ஆம் பதிப்பிலேயே இடம்பெற்றது. 'இப்பாதை வழியே செல்லாது என நான் அறிவேன்' என்று சொல்லித் தப்புவதற்கு அங்கு இடமில்லை. அறிவதைத் தொகுப்பானுக்கு விளங்கும் வகையில் எழுதியே ஆகவேண்டும்.

முடிவுரை

அரைநூற்றாண்டு கடந்த இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், எச்சரிக்கை என்பது குற்றச்சாட்டு அன்று, வினா என்பது புலனாகும். 'இப்பாதையில் வந்தால் இம்மாறியின் பொருள் யாது?' என்பதே அவ்வினா. அதற்கு மூன்று விதமாக விடையிறுத்தனர். சிலர் வினாவை அடக்கினர். சிலர் எவ்விடத்தும் பூச்சியம் எனக் கூறினர். சிலர் பாதையைத் தேடிச் சென்று, அங்கே நிகழவேண்டியது யாது எனச் சிந்தித்து எழுதினர். முதலாம் விடை கேட்டை மறைத்தது. இரண்டாம் விடை கேட்டைக் குறைத்தது. மூன்றாம் விடையே கேட்டை நீக்கியது. அதுவே மெதுவானது, கடினமானது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வரலாற்று மாணவனுக்கு இது புதிய பாடமன்று. ஒரு காலப்பகுதிக்குச் சாசனம் கிடைக்கவில்லை என்பதனால் அக்காலத்தில் எதுவும் நிகழவில்லை என எழுதுவோமாயின், நாமும் வெற்றிடத்திற் பூச்சியத்தை இட்டவர்களாவோம். முன்னொருவர் விட்டுச்சென்ற ஊகத்தை ஆராயாது எடுத்தாள்வோமாயின், அடுக்கிற் கிடந்த எச்சத்தைப் பெறுமானமாகக் கொண்டவர்களாவோம். அறியாததை அறியாதது எனக் குறித்து வைப்பதே இரு துறைக்கும் பொதுவான நேர்மை. வெப்பமானியை வாசிக்க முடியாத செலுத்தி 'முடியவில்லை' எனத் திருப்பிச் சொல்லுமாயின், அதனை நம்பி மேலே ஏதேனும் செய்யலாம்.